நெஞ்சு நோ வந்தால்: பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பு புதிதாக வந்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் அம்மா அப்பாவைப் பார்க்கிற பொறுப்பு அண்மையில் உங்கள் தலையில் விழுந்திருந்தால், இது உங்களுக்காக எழுதியது. கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வெளிநாட்டில் இருந்து ஆறு மாதம் நிற்க வந்திருக்கலாம். இல்லை, ஊரிலேயே இருந்தபடி, போன மாதம்தான் கிளினிக்கில் "அப்பாவுக்குப் பிறஷரும் இருக்கு, சீனியும் இருக்கு" என்று கேள்விப்பட்டிருக்கலாம். நான் வைத்தியர் இல்லை. ஒரு தடவை பிழைவிட்டு, அதற்குப் பிறகு வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் முதலுதவிப் பயிற்சிக்குப் போயும் தெரிந்துகொண்டவன்.

பிழை இதுதான். ஒரு தை மாதம், பின்னேரம் 5.30 இருக்கும். அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர், திருவலையை அப்படியே விட்டுவிட்டு வந்து திண்ணையில் இருந்தார். கீழ்த்தாடை உளைகிறது என்றார். பல்லு நோ என்று நினைத்து ஒரு கராம்பு கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நெற்றியும் கழுத்தும் வேர்த்து, சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்துவிட்டது. தை மாதக் குளிர்காற்றில், விசிறி போடாத வீட்டில், அப்படி வேர்க்கக் காரணமே இல்லை.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்டுமில்லை தம்பி. வாய்வு பிடிச்சிட்டுது போல."

இஞ்சி போட்டுப் பிளேன்ரீ கொடுத்தோம். பக்கத்து வீட்டு மாமி தன்னுடைய பிறஷர் மிசினைக் கொண்டுவந்து கட்டிப் பார்த்து, "பிறஷர் நல்லாத்தானே இருக்கு" என்றார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு எடுத்தோம். அவர் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட்டு எடுப்பதாகச் சொன்னார். அதற்கிடையில் இரவு 8 மணிக்கு ஒரு நிபுணரைச் சனல் பண்ண (தனியார் இடத்தில் காசு கட்டி நம்பர் எடுத்துக் காட்ட) முடியுமா என்று தேடினேன். கடைசியில் அம்மா சத்தி எடுத்த பிறகுதான் ஆசுப்பத்திரிக்குப் போவோம் என்று முடிவாயிற்று. அப்போதும் அம்மா எழுந்து முகம் கழுவி, அலுமாரி திறந்து நல்ல சீலையாகப் பார்த்து உடுத்தினார். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது 7.35. இணுவிலில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு, அன்றைக்கு எடுத்த நேரம் 20 நிமிடம்.

ஆக, வழியில் 20 நிமிடம், வீட்டுக்குள் 2 மணித்தியாலம் 5 நிமிடம். எங்கள் ஊரில் பெரிய தூரங்கள் இல்லை. தீவுப் பகுதியை விட்டால், எந்த மூலையில் இருந்தும் ஏதோ ஒரு வைத்தியசாலைக்கு விரைவில் போய்விடலாம். நேரம் போவது வீட்டுக்குள்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, வீட்டுக்குள் போகிற நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதைப் பற்றியது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடிகளின் சுவரில், வருடக்கணக்காகக் கொழுப்புப் படிந்து திட்டாக நிற்கும். குழாயில் ஊத்தை படிந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுவதுபோல என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான மாரடைப்பு அப்படி வருவதில்லை. அந்தத் திட்டின் மேல்மூடி ஒரு நாள் வெடிக்கும்; வெடித்த இடத்தில் இரத்தம் கட்டிபட்டு, சில நிமிடங்களுக்குள் நாடியை அடைத்துவிடும். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும்போது வாய்க்கால் வரம்பு இடிந்து மண் விழுந்தால், அதற்கு அங்காலே உள்ள பாத்திகள் காயத் தொடங்குமே, அதுபோல. அடைப்புக்கு அங்காலே உள்ள தசை நேரம் போகப்போகச் சாகும். செத்த தசை திரும்ப முளைக்காது.

நேற்றுவரை சைக்கிள் உழக்கியவருக்கு இன்றைக்கு வருவதற்கும், போன கிழமை எடுத்த ஈசிஜி நல்லாக இருந்தும் இந்தக் கிழமை வருவதற்கும் காரணம் இதுதான். "போன மாதம்தானே செக் பண்ணினது" என்பதை ஒரு காரணமாக எடுக்காதீர்கள்.

நோவை எப்படி இனங்காண்பது

மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் "குத்துது" என்று சொல்வதில்லை. "அமத்துது", "இறுக்குது", "கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு", "நெஞ்சை அடைக்குது" என்பார்கள். சிலர் "எரியுது" என்பார்கள். குழப்பம் வருவது அங்கேதான். கையையும் பாருங்கள். சாதாரண தசை நோவென்றால் ஒரு விரலால் "இதிலைதான்" என்று தொட்டுக்காட்ட முடியும். இது அப்படித் தொட்டுக்காட்ட வராது; உள்ளங்கையை விரித்தோ முட்டியைப் பொத்தியோ நெஞ்சின் நடுவில் வைப்பார்கள். நோ அங்கேயே நிற்காமல் இடது தோள், கை, இரண்டு கைகளும், கழுத்து, தாடை, முதுகு, மேல்வயிறு என்று ஓடலாம். கூடவே குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்குதல், ஓங்காளம் அல்லது சத்தி, தலைச்சுற்று, முகம் வெளிறுதல்.

நடக்கும்போதோ படி ஏறும்போதோ இறுக்கம் வந்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால், அது நாடி ஒடுங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு உடனே நேரம் எடுத்து வைத்தியரிடம் காட்ட வேண்டும். முன்பைவிடக் குறைந்த தூரத்தில் வரத் தொடங்கினாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ, இருந்தும் விடாமல் நின்றாலோ, நேரம் எடுத்துக் காட்டுகிற கட்டம் தாண்டிவிட்டது. உடனே வெளிக்கிட வேண்டும்.

இனி முக்கியமான விலக்கு. பெண்கள், வயது போனவர்கள், நீண்டநாள் சலரோகக்காரர்: இந்த மூன்று பேருக்கும் நெஞ்சு நோவே வராமல் மாரடைப்பு வரலாம். சலரோகம் நரம்புகளைப் பழுதாக்குவதால் நோவு சரியாகத் தெரியாது. அவர்களிடம் தெரிவது திடீர்க் களைப்பு, மூச்சு வாங்குதல், காரணமில்லாத வேர்வை, தாடை உளைவு, மேல்வயிற்றுப் பொருமல். எங்கள் அம்மா மூன்று பேரும் ஒருவரில் சேர்ந்தவர்: 68 வயது, 15 வருடச் சலரோகம். எனக்கு அன்றைக்கு இது தெரியாது.

இளம் ஆட்களுக்கு வராது என்றும் நினைக்கக்கூடாது. 52 நாடுகளில் நடந்து 2004ஆம் ஆண்டு வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கை உட்பட்ட தென்னாசிய நாடுகளும் இருந்தன. மற்றப் பகுதிக்காரரைவிட எங்களுக்கு முதல் மாரடைப்பு சில வருடம் முந்தி, சராசரியாக 53 வயதளவில் வருகிறது என்று அதில் தெரிந்தது.

வாய்வா, இதயமா என்பதை வீட்டில் வைத்துத் தீர்க்க முடியாது. வைத்தியர்களாலேயே ஈசிஜி இல்லாமல் சொல்ல முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. ஏவறை விட்டதும் கொஞ்சம் சுகமாக இருந்தது, ஓம வோட்டர் குடித்ததும் குறைந்தது என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது. எங்கள் வீட்டில் இப்போது உள்ள சட்டம்: நெஞ்சிலோ தாடையிலோ மேல்வயிற்றிலோ புதுமாதிரி ஒரு அந்தரம் வந்து, 10 நிமிடம் இருந்தும் விடவில்லை என்றால் போன் எடுக்க வேண்டும். வேர்வையோ மூச்சு வாங்கலோ சேர்ந்திருந்தால் அந்த 10 நிமிடமும் இல்லை.

முதல் 10 நிமிடத்தில்

ஆளை இருத்துங்கள். நிலத்தில் சுவரோடு சாய்ந்து, முழங்காலை மடக்கி இருப்பது நல்லது. மயங்கினாலும் விழுந்து அடிபடமாட்டார். நடக்க விடாதீர்கள், கக்கூசுக்குக்கூட. சீலை மாற்றக் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அம்மாவிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு 1990. இது அரசின் இலவச அம்புலன்ஸ் சேவை. 2016இல் தெற்கில் தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. காசு கேட்கமாட்டார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் ஒட்சிசனோடு வருவார். சொல்ல வேண்டியது சுருக்கம்: "நெஞ்சு நோ, வேர்க்குது, 68 வயது, சலரோகம் இருக்கு." அதற்குப் பிறகு இடம். இதில்தான் எங்கள் ஊரில் சிக்கல். வீட்டு இலக்கம் யாருக்கும் தெரியாது. ஒரே ஊரில் நாலு வைரவர் கோயில். ஆகவே பிரதான வீதியின் பெயர், அதில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சந்தி அல்லது பள்ளிக்கூடம், அங்கிருந்து எத்தனையாவது ஒழுங்கை, எந்தப் பக்கம், படலை என்ன நிறம் என்று இப்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக்கு வழி சொல்ல வராது. வேண்டுமானால் இன்றைக்கே ஒருக்கால் சொல்லிப் பாருங்கள்.

அழைத்ததும் ஒருவர் ஒழுங்கை முகப்புக்குப் போய் நிற்க வேண்டும், இரவென்றால் ரோர்ச்சோடு. படலையை விரியத் திறந்துவிடுங்கள். முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நின்றால் தள்ளி வையுங்கள். நாயைக் கட்டுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வெளியில் நிற்கிறவர் உள்ளே வரத் தயங்குகிற ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான்.

அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்று சொன்னால், கார், வான், ஓட்டோ என்று எது கிடைக்கிறதோ அதில் கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள். நோயாளியை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோவது வேண்டாம். அவரே வாகனம் ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம். வடமராட்சியில் இருப்பவர் மந்திகைக்கு, தென்மராட்சியில் இருப்பவர் சாவகச்சேரிக்கு, வலிகாமம் வடக்கில் இருப்பவர் தெல்லிப்பழைக்கு என்று கிட்டிய ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். ஈசிஜி எடுத்து, முதல் மருந்து கொடுத்து, தேவையென்றால் அவர்களே தங்கள் அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். "அனுப்பத்தானே போறாங்கள், நேரே போவம்" என்று ஒரு மணித்தியாலம் வழியில் போக்காதீர்கள். நெடுந்தீவு, நயினாதீவுக்காரருக்கு இது இன்னும் முக்கியம்: குறிகட்டுவானுக்குப் படகு பிடிக்க ஓடாமல், முதலில் தீவில் உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். கடலைக் கடப்பதை அவர்கள் ஒழுங்கு செய்யட்டும்.

தனியார் இடத்தில் நிபுணரைச் சனல் பண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கால் நோவுக்கு அது சரி. நெஞ்சு நோவுக்கு 14ஆம் நம்பர் துண்டோடு வாங்கில் இருப்பது ஆபத்து. அந்த நிபுணரும் உங்களைக் கண்டவுடன் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்.

அஸ்பிரின்: ஆள் நல்ல நினைவோடு இருந்தால், 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி, அதாவது பல்லால் நன்றாகக் கடித்து, விழுங்கக் கொடுக்கலாம். கிளினிக்கில் தருகிற 75 மில்லிகிராம் குளிசை என்றால் நாலு. விழுங்குவதைவிடச் சப்பினால் வேகமாக இரத்தத்தில் சேரும். இரத்தம் மேலும் கட்டிபடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றுப்புண்ணில் இரத்தம் போனவர், மூளையில் இரத்தக்கசிவு வந்தவர் ஆகியோருக்குக் கொடுக்கக்கூடாது. சந்தேகமாக இருந்தால் 1990இல் கேளுங்கள். மாரிகாலத்தில் டெங்கு திரிகிற ஊர் இது; காய்ச்சலோடு உடம்பு நோகிறவருக்கு அஸ்பிரின் கூடவே கூடாது. பனடோல் அஸ்பிரின் இல்லை, அது இங்கே உதவாது.

முன்னமே இதய வருத்தம் உள்ளவரிடம் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை இருக்கும். இருத்திவிட்டு ஒன்று வையுங்கள். 5 நிமிடத்தில் நோ விடவில்லை என்றால் 1990. அந்தப் போத்தலைத் திறந்து 8 கிழமை போனால் குளிசை வீரியம் இழக்கும். அதனால் திறந்த திகதியை மூடியில் எழுதுங்கள். வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுத்தவர் இதை எடுத்தால் பிறஷர் ஆபத்தாக விழும். இது வீட்டில் கேட்கக் கூச்சமான கேள்வி, ஆனால் அம்புலன்ஸில் வருபவரிடமாவது சொல்லியாக வேண்டும்.

நெஞ்சுக்கு எண்ணெய் போட்டு உருவுவது, பாம் பூசுவது, சோடா கொடுப்பது எல்லாம் வேண்டாம். "தனியே இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்" என்று வட்ஸ்அப்பில் வருடாவருடம் வருகிற செய்தியை அழித்துவிடுங்கள். அது உயிர் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இருமுகிற நேரத்தில் போன் எடுத்துக் கதவைத் திறந்து வைக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அம்புலன்ஸ் ஏறிய பிறகு சொல்லலாம். எங்கள் அண்ணாவே இப்போது அதைத்தான் சொல்கிறார்.

ஆள் மயங்கி விழுந்தால்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது இடையிடையே மீன் வாய் திறப்பதுபோல ஒரு இழுப்பு மட்டும் இருக்கிறது என்றால், இதயம் நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இழுப்பு மூச்சு இல்லை. "மூச்சு இருக்கு, இருக்கு" என்று பார்த்துக்கொண்டு நின்றுவிடுவது அதனால்தான்.

1990க்கு எடுத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். ஆளை மெத்தையில் வைக்காமல் நிலத்தில் நிமிர்த்திக் கிடத்துங்கள். ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நடு நெஞ்சில் வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடியாமல், உடம்பின் பாரத்தால் அமர்த்துங்கள். 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது ஒரு செக்கனுக்கு இரண்டு என்ற அளவுக்குக் கிட்ட. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். 2 நிமிடத்துக்கு ஒருக்கால் ஆள் மாறுங்கள்; நான் பயிற்சியில் பொம்மையில் செய்தபோதே இரண்டாவது நிமிடத்தில் கை உதறியது. வாயோடு வாய் வைத்து ஊதப் பயிற்சி இல்லையென்றால் அமர்த்துவது மட்டும் போதும். விலா எலும்பு முறியுமோ என்று பயப்படாதீர்கள், முறிந்தால் பொருந்தும். அமர்த்தாமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 வீதம் குறைக்கும்.

இதை வாசித்துப் பழக முடியாது. முதலுதவிப் பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டால் ஒரு காலைப்பொழுதை அதற்குக் கொடுங்கள்.

ஆசுப்பத்திரியில்

வெளிநோயாளர் வரிசையில் நிற்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், கதையை நீட்டாமல் "நெஞ்சு நோ, இத்தனை மணிக்குத் தொடங்கினது" என்று சொல்லுங்கள். நோ தொடங்கிய நேரம்தான் அவர்களுக்கு மிகத் தேவையான தகவல். வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுப்பதுதான் முறை. யாரும் எடுக்கவில்லையென்றால் மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கொண்டுபோங்கள்.

முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சில மணித்தியாலம் வைத்திருந்து, திரும்ப ஈசிஜியும் ட்ரொபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். தசை பழுதானால் ட்ரொபோனின் இரத்தத்தில் கூடும். ஆனால் கூடித் தெரிய மணித்தியாலக் கணக்கு எடுக்கும். "ஒண்டுமில்லை எண்டால் ஏன் மறிச்சு வைக்கிறாங்கள்" என்று கையெழுத்து வைத்துக் கூட்டிவராதீர்கள்.

நாடி முழுதாக அடைபட்டிருந்தால் இரண்டு வழி. ஒன்று, கட்டியைக் கரைக்கிற ஊசி. மற்றது, கையிலோ தொடையிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை விட்டு அடைப்பைத் திறந்து, ஸ்ரென்ட் என்ற வலைக்குழாய் வைப்பது. வேளைக்குச் செய்ய முடிந்தால் இரண்டாவது சிறந்தது. முடியாத இடத்தில் ஊசியைப் பிந்தாமல் போட வேண்டும். ஊசி முதல் 2, 3 மணித்தியாலத்துக்குள் போட்டால் நன்றாக வேலை செய்யும். 12 மணித்தியாலம் தாண்டினால் பொதுவாகப் போடுவதில்லை. கையெழுத்துக் கேட்கும்போது "அண்ணாவைக் கேட்டிட்டு வாறன்" என்று வெளியே போகாமல், இரத்தக்கசிவு ஆபத்து பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு அங்கேயே முடிவெடுங்கள். அம்மாவுக்கு ஊசி போட்டபோது மூன்றாவது மணித்தியாலம் நெருங்கிவிட்டது. பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பலமிழந்துவிட்டது. இப்போதும் கிணற்றடிக்குப் போய் வந்தால் ஒரு இடத்தில் இருந்து மூச்சு வாங்கித்தான் எழும்புவார்.

வராமல் பார்ப்பது

முதலில் இலக்கங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறஷர் 140/90க்கு மேல் தொடர்ந்து நின்றால் உயர்வு. வெறுவயிற்றுச் சீனி 126 அல்லது அதற்கு மேல் என்று இருமுறை வந்தால் சலரோகம். இடுப்புச் சுற்றளவு எங்கள் உடல்வாகுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். மெல்லிய ஆளுக்குத் தொந்தி மட்டும் இருந்தாலும் கணக்குத்தான். 35 வயது தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இவற்றை இலவசமாகப் பார்க்கிற நிலையங்கள் உண்டு. அம்மாவைக் கூட்டிப்போகிற நாளில் நீங்களும் கையை நீட்டுங்கள்.

புகை. எங்கள் மண்ணில் புகையிலை தோட்டப்பயிர். சுருட்டு பிடிக்காத பெரியவர் இல்லாத வீடு ஒரு காலத்தில் குறைவு. "நான் இரண்டுதானே பிடிக்கிறன்" என்பது பரவலான நம்பிக்கை. ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவரின் இதயத்துக்கு வருகிற மேலதிக ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் வருகிறது. குறைப்பதில் பெரிய இலாபம் இல்லை, விடுவதில் இருக்கிறது. விட்டு ஒரு வருடத்தில் அந்த மேலதிக ஆபத்து ஏறக்குறையப் பாதியாகும்.

சாப்பாட்டில் நான் எதையும் தடைசெய்யச் சொல்லமாட்டேன். சொதி இல்லாத இடியப்பம் யாருக்கு வேண்டும்? முதற்பாலை விசேட நாளுக்கு வைத்துவிட்டு மற்ற நாளில் இரண்டாம் பாலில் சொதி வைக்கலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், மிக்ஸர் எல்லாம் சேர்த்துத்தான். கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் மற்றக் கறிகளுக்கு உப்பைக் குறையுங்கள். சூடை, சாளை, கீரி மாதிரிச் சின்ன மீன்கள் இதயத்துக்கு நல்லது, விலையும் மலிவு. பொரிக்காமல் குழம்பாகவோ தீயலாகவோ வையுங்கள். வடைக் கடையில் கறுத்த எண்ணெயைக் கண்டால் திரும்பி வாருங்கள்.

குரக்கன் புட்டுப் பற்றி ஒன்று. வெள்ளை மாப் புட்டைவிட நல்லதுதான். ஆனால் "குரக்கன்தானே" என்று இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறோ புட்டோ, மிச்சக் கால்வாசி மீனோ பருப்போ என்று போட்டால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. தேத்தண்ணிச் சீனியை மட்டும் கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 5 கோப்பை, கோப்பைக்கு 2 கரண்டி, மொத்தம் 10 கரண்டி. விருந்தாளி வீடுகளில் கேட்காமலே சீனி போட்டுத் தருவார்கள். படலை திறக்கும்போதே "சீனி வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு போங்கள்.

நடை கிழமைக்கு 150 நிமிடம், வேர்வை அரும்புகிற வேகத்தில். பண்ணைக் கடற்கரை, கோட்டைப் பக்கம், ஆரியகுளம் என்று விடியவே நடக்கிற கூட்டம் இருக்கிறது. ஊருக்குள் நடப்பவர் கையில் ஒரு தடி வைத்திருங்கள், நாய்களுக்காக.

குளிசைகளில்தான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பிறஷர் சரியாகிவிட்டது என்று பிறஷர்க் குளிசையை நிறுத்துவார்கள்; சரியானதே அந்தக் குளிசையால்தான். கொழுப்புக் குளிசை ஈரலைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒளித்து வைப்பார்கள். ஸ்ரென்ட் வைத்தவர் இரத்தம் கட்டிபடாமல் தருகிற இரண்டு மருந்துகளையும் சொன்ன காலம் வரை, வழக்கமாக ஒரு வருடமளவில், விடாமல் எடுக்க வேண்டும்; பல்லுப் பிடுங்குவதற்காகக்கூட இதய வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்ரென்டே அடைபடலாம். கந்தசஷ்டிக்கு 6 நாள் உபவாசம் இருப்பவர், முந்திய கிளினிக்கிலேயே எதை எப்போது எடுப்பது, எதைக் குறைப்பது என்று கேட்டுவிடுங்கள். சீனிக் குளிசையைப் பட்டினியோடு எடுப்பதும் ஆபத்து, தானாக எல்லாவற்றையும் நிறுத்துவதும் ஆபத்து.

ஒரு தாள்

கடைசி வேலை இது. ஒரு தாளை எடுத்து, மேலே பெரிதாக 1990. கீழே வீட்டுக்கு வழி, நான் முன்னே சொன்னபடி. அதன் கீழே பெயர், வயது, வருத்தங்கள், குளிசைகளும் அளவுகளும், ஒத்துக்கொள்ளாத மருந்து, கிளினிக் இலக்கம். இரவில் கார் எடுத்து வரக்கூடிய அயலவர் இருவரின் தொலைபேசி இலக்கம். அதன் கீழே 300 மில்லிகிராம் அஸ்பிரின் அட்டையை ஒட்டிவிடுங்கள். போனுக்குள் வைப்பதோடு விடாதீர்கள். போனில் சார்ஜ் இல்லாத இரவும் வரும், போன் பூட்டைத் திறக்கத் தெரியாத அப்பாவும் இருப்பார்.

எங்கள் வீட்டுத் தாள் குளிரூட்டிக் கதவில் இருக்கிறது. போன மாதம் ஒரு குளிசையின் அளவு மாறியதால் புதிதாக எழுதினோம். பழையதை அம்மா எறியவிடவில்லை, மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். பின்பக்கம் வெள்ளையாகத்தானே கிடக்கு, பால்கணக்கு எழுதலாம் என்றார்.